ஐந்தாவது மீட்டர்

அந்த ஊரில் ஒருவரை ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டு "சுகமா?" என்று கேட்டு ஒன்பது வருடம் ஆகியிருந்தது. சுவரைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

காதுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் காதுப்பொட்டு, மனத்தில் யாருடைய நினைப்பு ஓடுகிறது என்பதைக் கண்டுபிடித்து, கடல் தாண்டியிருந்தாலும் அவர் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் மனச்சரம் என்ற விளக்குச் சரத்துக்கு அனுப்பிவிடும். பாசத்தோடு நினைத்தால் சரம் வெள்ளையாக எரியும். மனக்கசப்போடு நினைத்தால் சிவப்பு. நினைக்காவிட்டால் இருட்டு.

உம்மாவின் அறையில் இருந்த மனச்சரத்தைச் செய்தவள் மூத்த மகள் சுலைஹா. பெண்கள் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. கடையில் வாங்குவதைவிடத் தானே ஈயம் வைத்துப் பற்றவைத்துச் செய்வதில் அவளுக்குப் பெருமை. ஐந்து மீட்டர் விளக்குச் சுருள், உள்ளங்கையளவு கட்டுப்பாட்டுப் பலகை, ஐந்து வோல்ட் மின்பெட்டி. மீட்டருக்கு முப்பது விளக்கு, பிள்ளைக்கு ஒரு மீட்டர். ஊர் வழக்கப்படி பிறந்த வரிசையில் வைத்தாள். தலைமாட்டில், மின்பெட்டிக்குப் பக்கத்தில் அவளுடைய மீட்டர். பிறகு சென்னையிலும் கொழும்பிலும் துபாயிலும் இருந்த மூன்று பேர். சுவரைச் சுற்றி வந்து, கட்டிலின் கால்மாட்டில் முடியும் ஐந்தாவது மீட்டர் ஹாங்காங்கில் இருந்த கடைக்குட்டி ஜக்கரியாவுடையது.

மாட்டிய அன்று உம்மா கேட்டார்: "எந்த விளக்கு எப்படி எரியணும்னு அதுக்கு எப்படிடி தெரியும்?"

"பலகையிலேர்ந்து செய்தி போவும் உம்மா. முதல் விளக்கு தன் பங்கை எடுத்துக்கிட்டு மிச்சத்தை அடுத்ததுக்குக் குடுக்கும். அது அதுக்கடுத்ததுக்கு."

"விருந்துல சோத்துச் சட்டியைக் கை மாத்துற மாதிரி. கடைசி ஆளுக்கு மிஞ்சுமா?"

சுலைஹா சிரித்தாள். "ஒரு பருக்கை குறையாது."

ஆனால் முதல் நாளிலிருந்தே ஐந்தாவது மீட்டர் சிவந்துதான் எரிந்தது.

உம்மாவுக்கு அது ஆச்சரியமாக இல்லை. அதற்கு முந்தின வருடம் வாப்பா விடியற்காலை சுப்ஹு நேரத்தில் மவுத்தானார். ஜனாஸாவை வைத்துக்கொண்டிருக்கக் கூடாது என்று நண்பகல் லுஹர் தொழுகை முடிந்ததும் அடக்கம் செய்துவிட்டார்கள். ஜக்கரியா மாலை அஸர் தொழுகை நேரத்துக்குத்தான் வந்து சேர்ந்தான். வாசலில் பெட்டியோடு நின்றபடி, "எனக்காக ரெண்டு மணி நேரம் காத்திருக்கக் கூடாதா உம்மா?" என்று கேட்டான். மூன்றாம் நாள் திரும்பிப் போனான்.

"அவன் கசப்பு இன்னும் போவல" என்பார் உம்மா, கால்மாட்டைப் பார்த்துக்கொண்டே. ஊரிலும் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். வீட்டுக்கு வீடு கடைசிப் பிள்ளையின் சரம் சிவந்துதான் கிடந்தது. செல்லம் கொடுத்தால் இப்படித்தான் என்று கிழங்கள் தலையாட்டின.

இந்த மழைக்காலத்தில் உம்மா படுக்கையில் விழுந்தார். சுலைஹாவும், செய்தி தெரிந்த மற்ற மூன்று பிள்ளைகளும் எந்நேரமும் உம்மா நினைப்பாகவே இருந்தார்கள். நான்கு மீட்டரும் கண் கூசும் வெள்ளை. அந்த நாட்களில் ஐந்தாவது மீட்டர் முன்னைவிடக் கருஞ்சிவப்பாக எரிந்தது.

"உம்மா, தம்பிக்குச் சொல்லிடுறேன்" என்றாள் சுலைஹா.

"வேணாம் புள்ள. இந்தக் கசப்போட வந்து நிக்கிறவன் முகத்தைப் பாக்க எனக்குத் தெம்பில்ல. அவனுக்கு துஆ செய்றேன். அது போதும்."

பிள்ளைகள் எல்லோருக்கும் துஆ செய்தார். ஜக்கரியாவின் பெயரை மட்டும் இரண்டு முறை சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலை உம்மா மவுத்தானார். தாய்மாமன் காசிம் சுலைஹாவிடம் வந்து தணிந்த குரலில் கேட்டார்: "சின்னவன் நாளைக் காலையில வந்துருவானாமே. காத்திருக்கவாம்மா?"

சுலைஹா சுவரைப் பார்த்தாள். கால்மாட்டில் இரத்தம் போல் ஒரு மீட்டர்.

"வேணாம் மாமா" என்றாள்.

அஸருக்குப் பிறகு அடக்கம் முடிந்தது. ஹாங்காங்கிலிருந்து தம்பியின் ஒரு வரி வந்தது: "இந்தத் தடவையும் காத்திருக்கலையா லாத்தா?"

நாற்பதாம் நாள்வரை சரத்தைக் கழற்றுவதில்லை என்பது ஊரில் புதிதாக வந்திருந்த வழக்கம். மவுத்தானவர்களை நினைத்தாலும் காதுப்பொட்டு அனுப்பிக்கொண்டுதான் இருக்கும். நாளாக ஆகப் பிள்ளைகளை அவரவர் வேலை இழுத்துக்கொண்டது. துபாய் அணைந்தது. சென்னையும் கொழும்பும் எப்போதாவது மினுங்கின. பன்னிரண்டாம் நாள் காலை குர்ஆன் ஓதி முடித்து நிமிர்ந்தபோது சுலைஹா அதைப் பார்த்தாள். நான்கு மீட்டரும் இருட்டாக இருக்க, ஐந்தாவது மட்டும் எரிந்தது. வெள்ளையாக எரிந்தது.

அவளுக்கு நெஞ்சு கொதித்தது. 'கபருக்குள்ளே வச்ச பொறகுதான் உனக்குப் பாசம் வந்துச்சாக்கும்!'

உம்மாவின் முகம் நினைவுக்கு வந்து அழுகை முட்டியது. அவளுடைய முதல் மீட்டர் பளிச்சென்று எரிந்தது. அதே நொடியில் ஐந்தாவது மீட்டர் மஞ்சளடித்தது.

அழுகை நின்றுவிட்டது. உம்மாவின் தஸ்பீஹ் மணியை உருட்டி, மனத்தை அதில் மட்டும் வைத்தாள். தன் மீட்டர் அணைந்ததும் அவனுடையது மறுபடி வெள்ளையானது. உம்மாவை நினைத்தாள். மஞ்சள். மணியை உருட்டினாள். வெள்ளை.

மின்பெட்டியிலிருந்து கால்மாடு வரை சரத்தைக் கண்ணால் தொடர்ந்து போனாள்.

பதினொன்றாம் வகுப்புப் பாடம் அது. வருடா வருடம் தெருக்குழாயை உதாரணம் காட்டித்தான் நடத்துவாள்: முன்வீடுகள் எல்லாம் குழாயைத் திறந்தால் கடைசி வீட்டுக்கு நூல் போலத்தான் தண்ணீர் வரும். சரத்துக்கு மின்சாரம் ஒரு முனையில் மட்டுமே கொடுத்திருந்தாள். முன்னால் இருக்கும் விளக்குகள் எரிய எரிய, கடைசிக்குப் போய்ச் சேரும் மின்னழுத்தம் குறையும். வெள்ளை என்பது சிவப்பும் பச்சையும் நீலமும் சேர்ந்தது; அழுத்தம் குறைந்தால் முதலில் நீலம் சாகும், பிறகு பச்சை. வெள்ளையில் மிஞ்சுவது சிவப்பு. ஜக்கரியா அனுப்பிய செய்தி ஒரு பருக்கை குறையாமல் வந்துகொண்டுதான் இருந்தது. அதை எரிக்கத்தான் மின்சாரம் போய்ச் சேரவில்லை. மற்ற பிள்ளைகள் உம்மாவை நினைக்க நினைக்க, அவன் விளக்கு சிவந்தது.

மேசை இழுப்பறையிலிருந்து தடித்த வயர் இரண்டை எடுத்தாள். மின்பெட்டியிலிருந்து நேராகக் கால்மாட்டுக்கு இழுத்து, சரத்தின் கடைசி முனையில் பற்றவைத்தாள். பிறகு மூன்று பேருக்கும் எழுதினாள்: "ஒரு நிமிஷம் உம்மாவை நினைங்க."

முதலில் கொழும்பு, பிறகு சென்னை, துபாய். அவளுக்கு நினைக்கத் தனியே முயற்சி தேவைப்படவில்லை. ஐந்து மீட்டரும், தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை, ஒரே வெள்ளையாக எரிந்தன. கட்டில் காலியாக இருந்தது.

ஹாங்காங்குக்குத் தொலைபேசியில் கூப்பிட்டாள். ஒன்பது வருடத்தில் முதல் முறை.

"லாத்தா?" ஜக்கரியா பதறினான். "யாருக்கு என்ன?"

"ஒண்ணுமில்லடா. உன் வீட்டுச் சரத்துல உம்மா எப்படி எரிஞ்சாங்க?"

"வெள்ளையா. முதல் மீட்டரே அவங்கதானே." கொஞ்சம் நிறுத்திச் சொன்னான்: "வாப்பா மவுத்துக்கு வாசல்ல நின்னு அப்படிக் கேட்டுட்டேனேன்னு மனசு அடிச்சுக்கும். கூப்பிட்டு மாப்புக் கேக்கணும்னு போனை எடுப்பேன். சுவரைப் பாத்தா வெள்ளையா இருக்கும். உம்மா மன்னிச்சுட்டாங்க, இனி பேச என்ன இருக்குன்னு வச்சுடுவேன்."

சுலைஹா போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"அங்க என் விளக்கு எப்படி இருந்துச்சு லாத்தா?"

பொய் சொல்ல ஆசையாக இருந்தது. உம்மாவின் தஸ்பீஹ் கையில் இருந்தது.

"சிவப்பா" என்றாள். "தப்பு உன்னுதில்ல. என்னுது. கடைசி முனைக்கு நான் மின்சாரம் குடுக்கல." எல்லாவற்றையும் சொன்னாள். உம்மா வேண்டாம் என்றதை, மாமா கேட்டதை, தான் சொன்ன பதிலை. அவன் பெயரை உம்மா இரண்டு முறை சொன்னதையும் சொன்னாள்.



"ஒரு வயரா லாத்தா?"

"ரெண்டு வயர்டா."

சாயங்காலம் வயரும் பற்றவைப்புக் கோலுமாக அடுத்த வீட்டுக்குப் போனாள். நபீஸா மாமியின் சுவரிலும் கடைசி மகள் சிவந்து கிடந்தாள். சுலைஹா சொன்னதைக் கேட்டு மாமி வாயைப் பொத்திக்கொண்டார்.

"அல்லாவே! அப்படின்னா சட்டுன்னு வெள்ளையாக்கிக் குடும்மா. பாத்துட்டு நானே அவளைக் கூப்பிடுறேன்."

சுலைஹா வயரைக் கீழே வைத்தாள்.

"முதல்ல கூப்பிடுங்க மாமி."

"எடுக்கலன்னா?"

"எடுக்கிற வரைக்கும் நான் இங்கயே உக்காந்திருக்கேன்."

மாமி எண்ணை அழுத்தினார். மணி அடித்தது. அவர் கண் சுவரை விட்டு நகரவில்லை. சுலைஹா எழுந்துபோய் மின்பெட்டியை அணைத்தாள். சரம் முழுவதும் இருண்டது. அந்த இருட்டைப் பார்த்தபடியே மாமி போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"உம்மா?" என்றது அந்தப் பக்கம்.