ஐயனாருக்கு அடித்த ஹாரன்

“மணி தேரிக்குள்ளதான் கெடக்கும்மா. நான் விக்கல.”

“தெரியும்பா. தோண்டி எடுத்து ஊர் முன்னால அடிக்கேன்!”

தேரியின் செம்மணல் மேட்டில் ஜீப் குலுங்கி ஏறும்போது, இசக்கியின் காதில் அப்பாவோடு பேசிய அந்தப் பேச்சுதான் ஓடியது. மணல் மூடிய பழைய ஐயனார் கோயிலுக்கு அவள் அப்பாதான் பூசாரி. கோயில் மணியை விற்றுத் தின்றவர் என்று ஊர் அவரை ஒதுக்கி வைத்திருந்தது. இப்போது ஆடிக்காற்றில் மணல்மேடு நகர்ந்து கோயில் முகடு தலைகாட்டியிருந்தது. அடுத்த காற்றில் மூடிவிடும்!

ஜீப்பை ஓட்டிய மரகதவேல் அவளுக்கு அத்தான் முறை. அப்பாவுக்குத் திருட்டுப் பட்டம் கட்டியவரோ அவனுடைய பெரியப்பா. இவன் எதற்கு வலிய வந்தான்?

திடீரென்று வண்டி நின்றது. சாவியைத் திருப்பினால் எஞ்சின் சுழன்றது, பிடிக்கவில்லை.

“நடுத்தேரியில நிறுத்திட்டாரே ஒங்க அத்தான்! பெரியப்பா சொல்லிவிட்டாரோ?” என்று கிசுகிசுத்தாள் தோழி செண்பகம்.

இசக்கி வண்டிகளுக்கு வயரிங் பார்ப்பவள். மல்டிமீட்டரோடு பானெட்டைத் திறந்தாள். பெட்ரோல் பம்புக்கு மின்சாரம் போகவில்லை. பம்புக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சிறு பெட்டியான ரிலேயைப் பிடுங்கி பேட்டரியில் தொட்டாள். ‘டிக்’ என்றது.

“சத்தம் வருதுல்லா? நல்லாத்தான இருக்கு!” என்றான் மரகதவேல் அவசரமாக.

“சத்தத்த நம்பக் கூடாது, அத்தான்.”

ரிலேயின் மற்ற இரண்டு கால்களிலும் மீட்டர் முனைகளை வைத்து மறுபடி தொட்டாள். ‘டிக்’ வந்தது, ஆனால் இணைப்பு இருந்தால் கூவும் மீட்டர் கூவவில்லை. உள்ளே விட்டு விட்டு ஒட்டிய கருகல் முனை, குலுங்கலில் அடியோடு விட்டுப் போயிருந்தது.

பம்பு ரிலேயில் அவளே அடையாளத்துக்கு வைத்த நகப்பூச்சுப் பொட்டு இதில் இல்லை! அந்தச் சிவப்புப் பொட்டு வைத்த ரிலே ஹாரனின் இடத்தில் இருந்தது.

“மாத்தி வச்சது ஆரு? காலையில தேரி முனையில புது ஐயனார் கோயில்ல பானெட்ட மூடினீயளே, கேட்டதுக்கு ‘சும்மா’ன்னீயளே! எங்கப்பா பேரு மண்ணோட மண்ணா போகட்டும்னா?”

அவன் தலை குனிந்தது. “ஐயனாருக்கு ஹாரன் அடிக்காம எந்த வண்டியும் தேரிக்குள்ள வராதுல்லா? ஹாரன் அடிக்கலன்னதும் நீ மொகம் வாடிப் போயி கோயிலுக்குள்ள போன. ரெண்டு ரிலேயும் ஒண்ணுபோல இருந்துச்சு, மாத்துனேன். நீ இருக்கையில நான் கைவச்சேன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு.”

இசக்கிக்குச் சுருக்கென்றது. ரிலேயைச் சோதித்தவள் ஆளைச் சோதிக்காமலே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்!

சிவப்புப் பொட்டு ரிலேயைப் பம்புக்கே மாட்டினாள். வண்டி உறுமியது! காற்று மணலை வாரி இறைக்க, மூவரும் முகட்டடியில் மண்வெட்டி போட்டார்கள். ‘ணங்!’ பச்சை பூத்த வெண்கல மணி!

திரும்பும்போது தேரி முனையின் புதுக் கோயிலில் ஊரே கூடியிருந்தது. அப்பா மட்டும் தள்ளி நின்றார். ஹாரனுக்கு ரிலே இல்லை. இசக்கி ஜீப்பில் நின்றபடியே மணியை அடித்தாள். கூட்டம் விலகி அப்பாவுக்கு வழி விட்டது. மரகதவேலின் பெரியப்பா துண்டைத் தோளிலிருந்து இறக்கினார்.

மரகதவேல் இறங்கி அப்பாவின் முன்னால் நின்றான். பெரியப்பா போட்ட பழியால் இத்தனை வருஷமாக அவர் வீட்டு வாசல் ஏற முடியாதவன்.

“மாமா, இசக்கிய எனக்குக் கட்டிக் குடுப்பீயளா?”