சீனியர் பெயரில் ஒரு கதவு

ஊழியர் பட்டியலிலிருந்து நீக்கிய பிறகும் சீனியரின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது.

விசிறிகளின் ஓயாத இரைச்சலுக்கும் சூடேறிய பிளாஸ்டிக் வாசனைக்கும் நடுவே, சர்வர் அறையின் குளிர் கழுத்து வழியாக முதுகில் இறங்க, அவள் திரையை இன்னொரு முறை பார்த்தாள். ஊழியர்களின் கணினிகளை இருந்த இடத்திலிருந்தே திறந்து பழுது பார்ப்பது அவள் வேலை. பச்சை என்றால் அங்கே ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். சீனியர் போன மாதம் மாரடைப்பில் போய்விட்டார். அவருடைய லேப்டாப், பேட்டரி கழற்றப்பட்டு, அவளுக்குப் பின்னால் அலமாரியில் கிடந்தது.

சற்று முன்புதான் கூட வேலை செய்யும் ஒல்லி கதவருகே வந்து நின்றான்.

"செத்தவர் பேரை இன்னும் எத்தனை நாளைக்குக்கா வெச்சிருப்பீங்க? மேனேஜர் என்னைத்தான் காய்ச்சுறாரு."

"தூக்கிடுறேன்டா, நச்சரிக்காதே."

"உயிரோட இருந்தப்பவே லீவு போடாத மனுஷன். பாத்துக்கா, திரும்ப வந்துடப் போறாரு."

அவன் கதவைச் சாத்திவிட்டுப் போனதும் சிரித்துக்கொண்டேதான் நீக்கினாள்.

வெளியே போக எழுந்து கதவில் அடையாள அட்டையை வைத்தாள். சிவப்பு விளக்கு. மறுபடியும் சிவப்பு. அப்போதுதான் உறைத்தது. இந்தப் பூட்டை சீனியர் தன் பெயரிலேயே அமைத்திருந்தார். வேலை ஓடுகிறதே என்று யாரும் மாற்றவில்லை. திரையில் பச்சை எரிந்தாலும், பூட்டு கேட்பதற்கு இப்போது அந்தப் பெயர் இல்லை.

செல்போன் வெளியே மேசையில் இருந்தது. ஒல்லியின் கணினிக்கு இணைப்பு கேட்டாள். எதிர்முனையில் இருப்பவர் அனுமதிக்காமல் உள்ளே நுழைய முடியாது. அவளே போட்ட விதி. காத்திருக்கவும் என்றது திரை. அவன் இடத்தில் இல்லை. கதவின் கண்ணாடிக்கு அப்பால் நடைபாதை காலியாகக் கிடந்தது. கத்தினாள். இரைச்சல் அதை விழுங்கிவிட்டது. பள்ளி விட்டு வந்த மகள் பூட்டிய வீட்டின் முன்னால் நின்றுகொண்டிருப்பாள்.

திரையில் ஒரு கேள்வி வந்தது.

சீனியர் உங்கள் கணினியை இயக்க விரும்புகிறார். அனுமதி. மறுப்பு.

மறுத்தாள். மீண்டும் வந்தது. மறுத்தாள். மீண்டும்.

எது பழுதானாலும் இத்தனை வருடமும் அவரிடம்தான் போய் நின்றிருக்கிறாள். இந்தக் கதவும் அவர் சொன்னால்தான் கேட்கும். அந்த எண்ணம் கிட்டத்தட்ட ஆறுதலாக இருந்ததுதான் அவளைப் பயமுறுத்தியது.

அனுமதி.

மவுஸிலிருந்து கையை எடுத்தாள். திரையில் அம்பு நகர்ந்தது. நிதானமாக. அவர் நகர்த்துவது போலவே. கதவின் பெயரைத் தொட்டது. தாண்டியது. ஊழியர் பட்டியலில் இறங்கியது. அவள் பெயரில் நின்றது.

"சார். வேண்டாம் சார்."

நீக்கு.

அவள் பெயர் மறைந்தது.

நடைபாதையில் ஒல்லி வந்தான். ஓடிப்போய் இரண்டு கைகளாலும் கண்ணாடியை அறைந்தாள். அவன் நின்றான். நேராக அவள் முகத்தைப் பார்த்தான். சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்து, அவள் கண்கள் இருந்த இடத்தில் தன் கண்களைப் பார்த்தபடி, தலை வாரிக்கொண்டான்.