இழுப்பறையில் கிடந்த மறுப்பு

கார்டிஃப் மழை ஜன்னலை விடாமல் அடித்துக்கொண்டிருந்த காலையில், வேல்ஸ் பேரவை உறுப்பினர் மாரெத் ஒட்டிய உறை ஒன்றைப் பெத்தியின் மேசைமேல் வைத்தாள். இருபது வருடம் அங்கே எழுத்தராக இருந்த பெத்திதான் இப்போது உள்விசாரணைகளைப் பார்க்கிறாள்.

"லண்டன் கொண்டுவந்த அணைச் சட்டத்துக்குச் சம்மதமில்லைன்னு ஓட்டுப் போட்டோமே, அதை லண்டனுக்குச் சொல்ற கடிதம் போகவே இல்லையாம் அக்கா. எழுத்தர் ஹெவினோட இழுப்பறையிலயே கிடந்திருக்கு. மறந்துட்டேன்னு அவரே ஒத்துக்கிட்டார்." மாரெத்தின் முகத்தில் கோபத்தைவிட நம்பிக்கைதான் அதிகம் தெரிந்தது. "நம்ம பதில் தெரியாமத்தான் நேத்து நிறைவேத்தியிருக்காங்க. நீங்க இதை எழுதிக் கொடுத்தா, திரும்ப விவாதிங்கன்னு லண்டன்ல கேட்பேன். நான்ட்வெர்ன்ல நூத்திப்பத்து வீடு இருக்கு."

எந்தப் பள்ளத்தாக்கில் நீரைத் தேக்கலாம் என்ற முடிவை அந்தச் சட்டம் கார்டிஃபிடமிருந்து பிடுங்கி லண்டனுக்குக் கொடுத்துவிடும். முதலில் மூழ்கப்போவது நான்ட்வெர்ன் கிராமம் என்பது ஊரறிந்த விஷயம்.

உதவியாளன் இத்வால் துள்ளினான். "ஆளும் அகப்பட்டாச்சு, பொருளும் அகப்பட்டாச்சு. அரை மணி நேர வேலை!"

"அவசரக்குடுக்கை" என்றாள் பெத்தி. உறையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். உள்ளே இருந்த தாளின் ஓரத்தில் இரண்டு வட்டங்கள் வெளுப்பாகத் தெரிந்தன. லண்டன் மேலவையின் நேற்றைய அலுவல் தாளை எடுத்துவரச் சொன்னாள். அதை வரி வரியாகப் படித்தாள். பிறகுதான் ஹெவினைக் கூப்பிட்டாள்.

ஓய்வுபெற ஐந்து மாதமே இருந்த மனிதர். இந்த மறதிக்காக வேலையும் மரியாதையும் சேர்ந்தே போகும். ஆனாலும் கலங்காமல் வந்து உட்கார்ந்தார்.

"அனுப்பவேண்டிய கடிதத்துல கோப்புல கோக்குற துளை எதுக்கு ஹெவின்?" பெத்தி உறையைப் பிரித்தாள். "இது நம்ம கோப்புல இருந்த நகல். அசலை அன்னிக்கே அனுப்பிட்டீங்க. நேத்து சட்டம் நிறைவேறினதும் இதை உறையில போட்டு ஒட்டியிருக்கீங்க."

அலுவல் தாளை அவர் பக்கம் திருப்பினாள். சட்டத்தின் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி: வேல்ஸ் சம்மதம் மறுத்துள்ளது.

இத்வாலுக்கு உற்சாகமெல்லாம் வடிந்துவிட்டது. "அப்போ, அவங்களுக்குத் தெரியும்?"

"ஓட்டெடுப்புக்கு முன்னாடியே அச்சாயிடுச்சு. நம்ம சம்மதம் இல்லாம வழக்கமா சட்டம் போடமாட்டாங்க. ஆனா போட்டாங்கன்னா, தடுக்க நம்மகிட்ட ஒண்ணுமில்ல."

ஹெவின் தலை குனிந்தார். "எனக்கு ஆறு வயசுல எங்க ஊரைத் தண்ணியில முழுகடிச்சாங்க. அப்போ யாரும் எங்களைக் கேக்கல. கேட்டிருந்தா செஞ்சிருக்க மாட்டாங்கன்னு எங்கப்பா சாகிறவரைக்கும் நம்பினார்; அந்த நம்பிக்கைதான் அவரைத் தாங்குச்சு. இப்போ கேட்டாங்களே பெத்தி! வேண்டாம்னு சொன்னதைப் படிச்சும் செஞ்சுட்டாங்களே!"

 'கடிதம் உரிய நாளில் சேர்ந்தது. எழுத்தர்மேல் தவறில்லை' என்று எழுதிப் பெத்தி கையெழுத்திட்டாள். ஒரு மனிதனைக் காப்பாற்றிய கையெழுத்து இவ்வளவு வலித்து இத்வால் பார்த்ததில்லை.

மாரெத் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நூத்திப்பத்து வீட்டுலயும் போய் நான் என்னன்னு சொல்றது?"

"நான் தொலைச்சுட்டேன்னே சொல்லும்மா" என்றார் ஹெவின்.