புகை விலகிய இடம்

மூன்றாம் ஆண்டுத் தேர்வு முடிந்த மறுநாளே அவள் பெட்டியைக் கட்டிவிட்டாள். விடுமுறை ஆராய்ச்சிக்கு அவள் வகுப்பிலிருந்து அவள் ஒருத்திக்குத்தான் இடம் கிடைத்திருந்தது. "ஆராய்ச்சி ஆராய்ச்சின்னு சோறு தண்ணிய மறந்துடாத" என்று அம்மா சொன்னது காதில் ஏறவே இல்லை. கால் தரையில் பாவாமல் வந்து சேர்ந்தாள்.

ஆய்வுக்கூடம் பல்கலைக்கழக வளாகத்தின் கோடியில் இருந்தது. கதவைத் திறந்ததும் எண்ணெயும் துருவும் கலந்த வாடை. உள்ளே ஒரு காற்றுச் சுரங்கம்: ஒரு முனையில் ஆள் உயர விசிறி, நடுவே கண்ணாடிச் சுவர் வைத்த அறை. காற்றோடு புகையை ஓடவிட்டு, அது பொருள்களைச் சுற்றி எப்படி வளைகிறது என்று பார்ப்பதுதான் அங்கே வேலை.

அங்கே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த அக்கா மட்டும் காத்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். சிரித்தாள், சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது.

"உள்ள ஒண்ணும் வைக்காம ஓட்டிக் காட்டுறேன். பாரு."

விசிறி உறுமியது. வெள்ளைப் புகை இழை இழையாக, வாரிவிட்ட கூந்தல்போல் நேராக ஓடியது.

நடுவில் வந்ததும் பிரிந்தது.

எதுவுமே இல்லாத இடத்தைச் சுற்றி வளைந்துபோய், பின்னால் சுழன்றது. புகை விலகிய இடம் மேலே உருண்டையாக இருந்தது. அதற்குக் கீழே இரண்டு தோள்கள்.

"புகைக் குழாய்ல அடைப்பாக்கா?"

"நானும் அப்படித்தான் நெனச்சேன். கழட்டிக் கழட்டித் துடைச்சேன்."

நம்பாமல், விசிறியை நிறுத்தச் சொல்லி அவளே குழாய்களைத் துடைத்து மாட்டினாள். மறுபடி புகை ஓடியது.

அது இப்போது கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்றது.

"அக்கா, நகர்ந்திருக்கு."

"ம்." அக்காவின் குரல் அடங்கிப்போனது. "புதுசா ஆள் வந்திருக்குல்ல."

கண்ணாடி அதிர்கிறதோ என்று பார்க்க அவள் உள்ளங்கையை அதன்மேல் வைத்தாள். சில்லென்றிருந்தது. உள்ளே புகை மெல்ல விலகியது.

முதலில் ஒரு விரல்.

பிறகு கை முழுவதும், அவள் கைக்கு நேர் எதிரே.

வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். விசிறி நின்றது. திரும்பிப் பார்த்தால் அக்கா அழுதுகொண்டிருந்தாள்.

"எனக்கு முன்னாடி இருந்த அண்ணா என்னைக் கைய வைக்கச் சொன்னார். அன்னைலேர்ந்து அது என்னை விடவே இல்ல. நான் உன்னச் சொல்லல. நீயாத்தான் வச்ச. நான் சொல்லலதானே?"

ஆராய்ச்சியும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம் என்று பெட்டியைக்கூட விட்டுவிட்டு ஓடினாள். கிளம்பிக்கொண்டிருந்த பேருந்தில் தொற்றி ஏறி, ஜன்னலோர இருக்கையில் விழுந்தாள். "வீட்டுக்கு வர்றேம்மா" என்று மட்டும் போனில் சொன்னாள்.

பேருந்து வேகம் பிடித்தது. பக்கத்து இருக்கைப் பெண், பறந்த துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொண்டே அவளைப் பார்த்தாள்.

"ஏம்மா, ஜன்னலோரம் உக்காந்துமா இப்படி வேர்த்து ஊத்துது?"

ஜன்னல் முழுதாகத் திறந்திருந்தது. முன்னிருக்கைக்காரரின் செய்தித்தாள் படபடவென்று அடித்துக்கொண்டது.

அவள் நெற்றியில் விழுந்திருந்த முடி ஒன்றுகூட அசையவில்லை.