வெண்கொடுமுடியில் பங்குனி வெயில்

வெண்கொடுமுடியின் உச்சியில் அன்று காலை பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தாறு பாகை. மதுரைக் குழுவினர் பன்னிரண்டு பேரும், உடம்புக்குச் சூடு தரும் வெயில்சட்டையைப் ‘பங்குனி, மரநிழல்’ என்று திருகி வைத்துக்கொண்டு, வட்டமாக உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இமயம் ஏற இப்போது முழங்கால் இருந்தால் போதும். மூச்சுக்கு மூக்குக்குழல், குளிருக்குச் சட்டை. மிஞ்சிய வெப்பத்தைச் சட்டை காலணி வழியே கீழே விட்டுவிடும், காலடிப் பனி உருகிக் கால் வழுக்காது.

அழைத்து வந்த எழிற்கோ பதினோரு வருஷமாக இந்தச் சட்டைகளை வாடகைக்கு விட்டுப் பிழைப்பவர். மலையைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும் வியாபாரத்தை மறந்துவிடுவார்.

“இந்தக் கல்லுல பாருங்க, சிப்பி. கடலுக்கு அடியில கிடந்தது. ஆறாயிரம் மீட்டர் ஏறி வந்திருக்கு.”

“சட்டை இல்லாமலா?” என்றார் துணிக்கடை வேலம்மா.

“அஞ்சு கோடி வருஷம் ஆச்சுக்கா.”

“எங்க வீட்டுக்காரரு மாடி ஏறுற வேகம்.”

எழிற்கோ சிரிக்க வாய் திறந்தபோது மணிக்கட்டில் பாறைச்செவி அதிர்ந்தது. பாறைக்குள் விரிசல் நகரும் சத்தத்தைக் கேட்டுச் சொல்லும் கருவி அது. வழக்கமாகப் பல்லி போல எப்போதாவது ‘டிக்’கென்னும். இன்று விடாமல் பொரிந்தது.

இறங்குவதற்கு இருந்த ஒரே பாறைப்படியில் மண்டியிட்டு, பிளவுக்குள் விரலை விட்டார். ஈரம். உடைந்த மலையை ஆயிரமாயிரம் ஆண்டுகளாக ஒட்டிப் பிடித்திருந்தது அந்தப் பிளவுகளில் உறைந்த பனிதான். அதைக் கரைத்தவை சட்டையோடு அவர் வாடகைக்கு விட்ட காலணிகள்.

“எல்லாரும் சட்டையை அணைங்க!”

“செத்துருவோம் தம்பி!”

“இருபது நிமிஷம் நடுங்குவோம்க்கா. சூட்டோட இறங்குனா பாறையும் கூட வந்துரும்.”

அணைத்தார்கள். மேற்குக் காற்று அறைந்தது. ஆட்டுமந்தை போல ஒண்டிக்கொண்டார்கள். உச்சியிலிருந்து பனித்தூள் ஒரு வெள்ளைக் கொடியாக வானத்தில் நீண்டு பறந்தது. சட்டைச் சூட்டிலேயே எத்தனையோ முறை வந்த எழிற்கோவுக்கும் அந்தக் காற்று புதிது.

“யாத்தே... மலைன்னா இதானா?” என்றார் வேலம்மா. குரலில் பயமும் இருந்தது, பெருமையும் இருந்தது.

பாறைச்செவியின் பொரிச்சல் அடங்கியது. ஈரம் மேலாக இறுகியிருந்தது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு, வழுக்கி வழுக்கி, பன்னிரண்டு பேரும் படியைக் கடந்தார்கள். கடைசியாக எழிற்கோ.

திருப்பத்தில் பார்த்தால், சேலம் குழு ஏறி வந்துகொண்டிருந்தது. எழுபது வெயில்சட்டைகள், ஒவ்வொன்றிலிருந்தும் ஆவி.

எழிற்கோ பாதையை மறித்து உட்கார்ந்தார். “நீங்க எறங்குங்கக்கா. இவங்கள நிறுத்திட்டு வரேன்.”

வேலம்மா திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். “ஒத்த ஆளு உக்காந்தா பைத்தியம்னு தாண்டிப் போயிருவாங்க. கூட்டமா உக்காந்தா என்னான்னு கேக்க நிப்பாங்க. ஏய், எல்லாரும் வாங்கப்பா!”

முதலில் ஏறி வந்த சேலத்துக்காரர் கழுத்துப்பட்டையைத் தளர்த்தி, வியர்வையைத் துடைத்தபடி நின்றார். “என்னங்க, வெயில் தாங்காம உக்காந்துட்டீங்களா?”

“ஆமாங்க,” என்றார் வேலம்மா, பல் தந்தியடிக்க. “உங்க வெயிலு.”