நிழல் வட்டத்துக்கு வெளியே ஒரு கடை

பகல் இரண்டு மணிக்கு நிழல் கிழக்கே சாயத் தொடங்கும். அந்த நேரத்துக்கு நான் அளவுகோலும் கையுமாகக் கடைவீதியின் கிழக்கு எல்லையில் நிற்க வேண்டும். தரையில் பதித்திருக்கும் பித்தளைக் கோட்டைத் தாண்டி நான்கு விரல் நிழல் போனாலும் அது கசிவு. காதுக்கருவியில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், கம்பங்களின் உச்சியில் விரிந்திருக்கும் நிழலிலைகள் முனகிக்கொண்டே திரும்பும். கோட்டுக்கு அந்தப் பக்கம் மறுபடியும் வெயில் விழும். இதற்குத்தான் எனக்குச் சம்பளம். உத்தியோகப் பெயர் நிழல் கண்காணிப்பாளர். ஊரார் வைத்திருக்கும் பெயரை இங்கே எழுத முடியாது.

இலைகளை இயந்திரமே திருப்பும். ஆனால் காற்றடித்தால் அவை தள்ளாடும், அதற்கு மனிதக் கண் வேண்டும் என்று விதியில் இருக்கிறது. விதி எழுதியவன் வெயிலில் நின்றிருக்க மாட்டான். எனக்கு ஓர் இடத்தில் கால் தரிக்காது. ஒன்பது வருடமாக இந்தக் கோட்டின் மேலேயே நடந்து நடந்து பித்தளை பளபளவென்று ஆகிவிட்டது.

ஒரு காலத்தில் எங்கள் கடைவீதி செத்துக் கிடந்தது. வெயில் நாற்பத்தெட்டைத் தொட்ட பிறகு, ஆளுக்கு ஒரு நாளைக்கு இருபது நிமிடம்தான் வெயில் என்று அரசாங்கம் வரம்பு கட்டிவிட்டது. எல்லார் மணிக்கட்டிலும் அந்த நிமிடங்களை எண்ணும் வெயில்கணி உண்டு. இருபது நிமிடத்தைத் தாண்டி நின்று மயங்கி விழுந்தால் ஆஸ்பத்திரிச் செலவு அவரவர் பாடு. அப்புறம் எவன் கடைக்கு வருவான்? வீதியில் பாதிக் கடை பூட்டிக் கிடந்தது.

அப்போதுதான் சிறப்பு வரிவட்டம் வந்தது. வட்டத்துக்குள் இருக்கும் கட்டிடச் சொந்தக்காரர்கள் வழக்கமான சொத்துவரிக்கு மேல் இன்னொரு பாதி, முப்பது வருடம் கட்ட வேண்டும். அந்த வரவை நம்பி முன்கூட்டியே கடன்பத்திரம் விற்று நிழலிலைகள் நட்டார்கள், குளிர்ப்புகை விட்டார்கள், நடைபாதை போட்டார்கள். வீதி பிழைத்துக்கொண்டது. இன்று வெள்ளிக்கிழமை சாயந்திரம் உள்ளே நுழைந்தால் தோள் இடிக்காமல் நடக்க முடியாது. ஆனால் வரி கட்டுகிறவர்கள் சும்மா இருப்பார்களா? நாங்கள் கட்ட, அவன் ஓசியில் குளிர் காய்வதா என்று வழக்குப் போட்டார்கள். வரி கட்டாத வாசலில் நிழல் விழக் கூடாது என்று தீர்ப்பும் வாங்கினார்கள்.

கோட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பது ஒரே ஒரு கடை. செண்பகவல்லி பாத்திரக்கடை. செண்பகவல்லி என்னுடைய சொந்த அக்கா.

அன்றைக்கு மேல்காற்று. நான் போய் நின்றபோது அக்கா கடை வாசலில் ஒரு முழம் நிழல் கசிந்திருந்தது. அந்த ஒரு முழத்துக்குள் ஒரு கல்யாண வீட்டார் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். அம்மா, மகள், சித்தி, சுமக்க ஒரு ஆள். சீர்ப் பாத்திரம் முழுவதும் எடுக்க வந்தவர்கள். அக்கா குடத்தைத் தட்டிக் காட்டுகிறாள், அண்டாவைக் கவிழ்த்துக் காட்டுகிறாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து வெகு நாளாகிவிட்டது.

கண்ணை மூடிக்கொண்டு போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். அதற்குள் எதிர்க்கடை நகைக்காரர் வாசலுக்கு வந்து, என்னையும் கோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிவிட்டேன். இலைகள் திரும்பின. கல்யாணப் பெண் வாசலில் தொங்கிய தூக்குவாளியைத் தொட்டவள் கையை உதறிக்கொண்டாள். நாலு பேர் மணிக்கட்டிலும் வெயில்கணி கீச்சிட்டது. இன்னொரு நாள் வருகிறோம் என்று சொல்லிவிட்டு அவர்கள் நிழலுக்குள் ஓடினார்கள். உள்ளே மூன்றாவதாக இருக்கும் பாத்திரக்கடையில் ஏறியதை நானும் பார்த்தேன், அக்காவும் பார்த்தாள்.

உள்ளே போனேன். போகாமல் இருந்திருக்கலாம். அக்கா என்னைத் திட்டவில்லை. உத்தியோகம் என்றால் அப்படித்தான் என்று அவளே எனக்குச் சமாதானம் சொன்னாள். மூடி போட்ட ஒரு சம்படத்தை மடியில் வைத்துக்கொண்டு, யாரோ கொடுத்த பேரை அதில் வெட்டிக்கொண்டிருந்தாள். பிறகு பேர் வெட்டும் மெஷினை நிறுத்தினாள்.

"ஏல தளவாய், இந்த வருசம் மனு எழுத வேண்டாம். கடைய வித்துருதேன். நகைக்கடைக்காரரு கோடவுனுக்குக் கேக்காரு. நாளைக்கு அச்சாரம்."

மனு என்று அவள் சொன்னது, என்னை ஏன் வட்டத்தில் சேர்க்கவில்லை, நானும் வரி கட்டுகிறேன், சேர்த்துக்கொள்ளுங்கள் என்று வருடந்தோறும் அவள் எழுதுவதை. அதை அலுவலகத்துக்குக் கொண்டுபோவது நான். தள்ளுபடி என்று பதில் கொண்டுவருவதும் நான். எல்லையை முப்பது வருடத்துக்கு மாற்றக் கூடாது, அது கடன்பத்திரம் வாங்கியவர்களுக்குக் கொடுத்த வாக்கு. அளவைப் பிழை என்று அளந்தவனே எழுதிக் கொடுத்தால் மட்டும் மாற்றலாம்.

அளந்தவன் நான்தான்.

ஒன்பது வருடத்துக்கு முன் நான் இதே வட்டத்தில் அளவையராக இருந்தேன். வரி கட்டச் சம்மதம் என்று கடைக்காரர்கள் கொடுத்த கடிதங்களும் என் கையில்தான் இருந்தன. அப்போது இந்தத் திட்டத்தை யாரும் நம்பவில்லை. எத்தனையோ திட்டம் பார்த்த ஊர். இரண்டு வருடத்தில் கம்பம் துருப்பிடிக்கும், வரி மட்டும் நிலைத்து நிற்கும் என்றுதான் எல்லாரும் பேசினார்கள், நானும் பேசினேன். அத்தான் இறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. அக்கா முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டிருந்தாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. விவரம் தெரியாமல் போட்டுவிட்டாள், முப்பது வருடம் அழப்போகிறாள் என்று அவள் கடிதத்தை உருவி எடுத்துக் கிழித்தேன். அவள் கடைக்கு அப்பால் ஓடும், வட்டத்துக்கு எல்லையான பழைய வாய்க்காலை வரைபடத்தில் இப்பால் ஓட விட்டேன். அக்காவைக் காப்பாற்றிவிட்டேன் என்று அன்றைக்கு ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான். அப்புறம் ஒரு ராத்திரியும் சரியாகத் தூங்கியதில்லை.

கடைக்குள் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக நடந்தேன். இருந்து தொலை, தலை சுத்துது என்றாள் அக்கா. உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கடிதம் கிழித்தது, வாய்க்கால், எல்லாம்.

அவள் அழவில்லை. சம்படத்தை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"ஒம்பது மனுவயும் நீதான கொண்டு போன?"

"ஆமாக்கா."

"குடுத்தியா?"

"குடுத்தேன். தள்ளிருவாவன்னு தெரிஞ்சேதான் குடுத்தேன்."

அவள் வாசல் பக்கம் திரும்பினாள். வாசலில் வெயில் கொதித்துக்கொண்டிருந்தது.

"ஒண்ணும் தெரியாத பொம்பளன்னு நெனச்சுட்டியோ? எவ்வளவு வரின்னு தெரிஞ்சுதாம்ல கையெழுத்துப் போட்டேன். தெருவே குடுக்கும்போது நானும் குடுக்கணும்னு போட்டேன். நான் நடத்தை கெட்டவள்னு என்னைய ஒதுக்கிட்டாவளோன்னு, எத்தன நாளு யோசிச்சிருக்கேன் தெரியுமா?"

அவள் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து மேசைமேல் வைத்து, எழுது என்றாள். வாய்க்காலை வரைந்ததில் அளவைப் பிழை செய்துவிட்டேன் என்று எழுதினேன். நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று கை நீட்டினேன். நீ கொண்டுபோனது போதும் என்று தாளை அவளே எடுத்துக்கொண்டு குடையை விரித்தாள்.

வரிவட்ட அலுவலகம் வீதியின் மறுகோடியில், மாடியில். அவள் முன்னால் நடந்தாள், நான் பத்தடி பின்னால். நிழலுக்குள் வந்த பிறகும் அவள் குடையை மடக்கவில்லை. வழியெல்லாம் அவளிடம் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. வாயைத் திறக்கத் தைரியம் வரவில்லை.

வட்ட அலுவலர் நவோமி கோயம்புத்தூர்க்காரர். பொறுப்பேற்று இரண்டு மாதம்தான் ஆகிறது, எங்கள் ஊரில் யார் யாருக்கு என்ன உறவு என்று அவருக்குத் தெரியாது. தாளை இரண்டு முறை படித்தார். இதோடு வேலை போய்விடும், தெரியுமல்லவா என்று என்னிடம் கேட்டார். தெரியும் என்றேன். படிவத்தைத் திரையில் நிரப்பிக்கொண்டே வந்தவர், கடைசிக் கட்டத்தில் நிறுத்தி அக்காவைப் பார்த்தார்.

"ஒரே ஒரு கேள்வி பாக்கிங்க. இந்த அளவையர் உங்களுக்கு உறவுங்களா?"

வழியெல்லாம் நான் சொல்ல நினைத்தது இதைத்தான். உறவுக்காக எல்லையை மாற்றியிருந்தால் அது பிழை அல்ல, மோசடி. மனு அங்கேயே தள்ளுபடி, அளந்தவனுக்கு மூன்று வருடம் ஜெயில்.

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை.

"இல்ல" என்றாள்.

நவோமி அதைத் தொட்டு அனுப்பினார். பத்து நாளில் நிழல் வந்துவிடும், அடுத்த அரையாண்டிலிருந்து வரி கட்டலாம் என்றார். அக்கா கும்பிட்டுவிட்டு எழுந்தாள். எனக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. என்ன இருந்தாலும் கூடப்பிறந்தவள் கூடப்பிறந்தவள்தான், கடைசி நேரத்தில் கைவிடவில்லை என்று நெஞ்சு பொங்கியது. படிக்கட்டில் ஓடிப்போய் அவளைப் பிடித்தேன்.

"நல்லவேளைக்கா, அப்படிச் சொன்ன. உறவுன்னு சொல்லியிருந்தா மனுவத் தள்ளியிருப்பாவ, என்னையும் உள்ள போட்டிருப்பாவ."

அவள் நின்று திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அப்படி வேற ஒரு சட்டம் இருக்கா?" என்றாள். "எனக்குத் தெரியாது. கேட்டதுக்கு உள்ளதச் சொன்னேன்."

சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.