இந்தப் பக்கம் மூடிய இலை

சாப்பிட்டு முடித்ததும் இலையை அந்தப் பக்கமாக மூடச் சொன்னான் காவல்காரன் தானியேல்.

முகுந்தனுக்குச் சிரிப்பு வந்தது. பம்பாயில் வங்கி அதிகாரி அவன். தொண்ணூற்றாறாம் வருஷக் கோடை விடுமுறைக்கு மனைவி கோமுவையும் ஐந்து வயது ஸ்னேகாவையும் கூட்டிக்கொண்டு, முக்கூடலுக்குப் பக்கத்தில் வெள்ளைக்காரன் கட்டிய இந்தக் கருங்கல் வீட்டை ஒரு வாரத்துக்குப் பிடித்திருந்தான். வந்ததிலிருந்து எதைப் பார்த்தாலும் இளக்காரம்தான். ஓட்டைப் பார்த்து, வௌவால் நாற்றத்தைப் பார்த்து, இப்போது தானியேலின் முழியைப் பார்த்து.

"சாவு வீட்டுலதான்யா அப்படி மூடுவாங்க."

"அதான் சார். இங்கன நம்ம பக்கமா மூடினா, உறவு வேணும்னு கேட்ட மாதிரி ஆயிரும்."

"யாரோட?"

தானியேல் பின்னறைப் பக்கம் பார்த்தான். "இங்கன இருந்த துரைசானியோட. பிள்ளைய ஆத்துக்குப் பறிகொடுத்தவ."

"துரைசானிக்கு வாழை இலையில என்னய்யா வேலை?"

கோமு சட்டென்று தன் இலையை அந்தப் பக்கம் மூடினாள். "பிள்ளை இலையையும் அப்படியே மூடிருங்க" என்றாள். ஸ்னேகா வழக்கம்போல இரண்டு வாய்க்கு மேல் தின்னவில்லை. ஒரு வருஷமாக வீட்டில் அதுதான் கவலை. படித்தவளுக்கும் இந்தப் புத்தியா என்று உதட்டைச் சுழித்த முகுந்தன், மகளின் இலையைச் சோறும் கூட்டுமாக இந்தப் பக்கம் மூடினான்.

"துரைசானியம்மா, உறவுதான். நீங்களாவது வந்து இவளைச் சாப்பிட வையுங்க."

தானியேல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மத்தியானம் மூவரும் படுத்திருந்தபோது, வெளியே வெயில் கொளுத்தியும், அந்தக் கல் சுவர்களிலிருந்து ஈரமும் பாசியும் கலந்த வாடை மெல்லக் கிளம்பி மூக்கில் ஏற, பின்னறையிலிருந்து கனத்த பாவாடை தரையில் உரசுவது போன்ற சத்தமும், அதற்குள்ளாக யாரோ எதையோ நறநறவென்று நிதானமாக மெல்லும் சத்தமும் வந்துகொண்டே இருந்தன. எலி என்று நினைத்தான். பட்டிக்காட்டு எலி.

மெல்லுவது நின்றது. விழுங்கும் சத்தம். மறுபடி மெல்லுவது.

கோமு தூங்கிக்கொண்டிருந்தாள். நடுவில் ஸ்னேகா இல்லை.

ஓடினான். பின்னறைக் கதவு திறந்திருந்தது. ஸ்னேகா சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே யாரும் இல்லை. வாய் திறந்தது. கன்னம் உப்பியது. மென்றாள். கண்ணில் நீர் கொட்டியது.

"துப்பு! துப்பும்மா!"

விரலை விட்டுத் தோண்டினான். ஆற்று மணல். ஈர மணல். எடுக்க எடுக்க வந்தது. பிள்ளையின் வயிறு கல்லாக இறுகிக் கிடந்தது.

"அப்பா, போதும்னு சொல்லுங்கப்பா."

சொன்னான். கெஞ்சினான். காலில் விழுகிறேன் தாயே என்று கதறினான். கால் எங்கே என்று தெரியவில்லை.

ஸ்னேகாவின் முகவாயில் ஐந்து விரல்களின் பள்ளம் விழுந்து, செல்லமாக இறுகியது. அவள் வாய் மறுபடி திறந்தது.